பழைய பெயரில் புதிய பப்

"பப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு, சத்தம் வருகிறது என்று புகார் சொல்வது நியாயமா?"

எங்கள் தெருவின் பப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள், நண்பர்கள் வீட்டு விருந்தில் கேட்டிருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்த மாமாகூடக் கேட்டார். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. இங்கிலாந்தில் பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். 2000ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 60,000க்கு மேல் பப்புகள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 45,000. லண்டனில் எந்தப் பகுதியில் நடந்தாலும், முகப்பில் பழைய பப்பின் பெயர் செதுக்கியபடியே நிற்க, உள்ளே அடுக்குமாடி வீடுகளோ சூப்பர்மார்க்கெட்டோ ஆகிவிட்ட கட்டடம் ஒன்று கண்ணில் படும். மிச்சமிருப்பதையும் புகார் சொல்லியே மூடிவிடாதீர்கள் என்று ஒருவர் சொன்னால், அதில் அக்கறைதான் இருக்கிறது.

அந்த அக்கறைக்குச் சட்டத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. மான்செஸ்டரில் 'நைட் அண்ட் டே கஃபே' என்று ஓர் இடம் உண்டு. 1991இலிருந்து இசைக்குழுக்களை வளர்த்துவிட்ட இடம். பக்கத்துக் கட்டடத்தை வீடுகளாக மாற்றியபோது நடுச்சுவருக்குப் போதிய ஒலித்தடுப்பு செய்யாமல் விட்டார்கள். பல ஆண்டு கழித்துக் குடிவந்தவருக்குத் தூக்கம் போயிற்று. 2021இல் நகர கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அந்தக் கஃபேக்கு நோட்டீஸ் கொடுத்தது, வழக்கு 2024 வரை இழுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளுக்காகத்தான் "மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் விளைவைச் சமாளிக்க வேண்டும்" என்ற கொள்கை வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் அதை ஏற்றது. இங்கிலாந்தின் தேசிய பிளானிங் கொள்கையில், அதாவது எங்கே எதைக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் கொள்கையில், 2018இலும், லண்டன் பெருந்திட்டத்தில் 2021இலும் அது எழுத்தில் ஏறியது. ஏற்கெனவே இயங்கும் பப்புக்கு அருகில் புதிதாக வீடு கட்டுபவர்தான் கண்ணாடியைத் தடிமனாக்க வேண்டும், படுக்கையறையை மறுபக்கம் திருப்ப வேண்டும். பப் தன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கொள்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

என்றாலும் எங்கள் தெருவில் நடந்ததற்கு அது பதிலாகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. அந்தக் குடைச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பப் தென் லண்டனில், இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் இருக்கிறது. விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டடம். நாங்கள் குடிவந்தபோது உள்ளே தரை முழுக்க அடர் சிவப்பு கார்ப்பெட். தாழ்வான சாந்துக் கூரை. ஜன்னல்களில் கனத்த திரைச்சீலை. சுவரோரம் பஞ்சு வைத்துத் தைத்த நீண்ட இருக்கைகள். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நடுவில் ஆளுயரச் சிற்றறை. பின்முற்றத்தில் காலி பீப்பாய்களும் குப்பைத் தொட்டிகளும் இருந்தன. 2007 ஜூலையில் கட்டடத்துக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபின் அங்கே ஒரு சாம்பல் தொட்டியும் இரண்டு பெஞ்சும் போட்டார்களாம். இரவில் நாலைந்து பேர் நிற்பார்கள், இருமுவார்கள், சிரிப்பார்கள். அந்தச் சத்தம் எங்களுக்கு வரும். அதைச் சத்தம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

பிறகு அதை நடத்தியவர்கள் போனார்கள், ஒரு நிறுவனம் எடுத்தது. சில மாதங்கள் பலகை அடைத்துக் கிடந்தது. திறந்தபோது தெருவே போய்ப் பார்த்தது. நானும் போனேன். அழகாகத்தான் செய்திருந்தார்கள்.

கார்ப்பெட் போனபின்

அழகு என்று நான் பார்த்ததை ஒலி எப்படிப் பார்க்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தகராறுகளில் யாரும் பேசாத பகுதி அதுதான்.

கார்ப்பெட்டை உரித்து, பழைய மரப்பலகைத் தரையை மெருகேற்றியிருந்தார்கள். தாழ்கூரையைப் பிரித்து மேலே உத்தரங்களும் குழாய்களும் தெரியும்படி விட்டிருந்தார்கள். சுவரின் சாந்தைச் சுரண்டிச் செங்கல்லை வெளிக்காட்டியிருந்தார்கள். திரைச்சீலை இல்லை, பஞ்சு இருக்கை இல்லை. அதாவது அறைக்குள் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒவ்வொரு பொருளும் வெளியேறி, ஒலியைத் திருப்பி அடிக்கும் பொருள்கள் வந்துவிட்டன. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுபவரின் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். பேசுபவர்கள் இரண்டு மடங்கானால் கணக்குப்படி 3 டெசிபல் ஏறும், பத்து மடங்கானால் 10. ஆனால் மனிதர்கள் கணக்குப்படி நடப்பதில்லை. எதிரொலிக்கும் அறையில் பக்கத்து மேசையின் குரல் காதில் விழ விழ, நம் குரல் நம்மை அறியாமலே உயர்கிறது. அதைக் கேட்டுப் பக்கத்து மேசை இன்னும் உயர்த்துகிறது. இசையைக் கேட்கும்படி வைக்க அதையும் கூட்ட வேண்டியிருக்கிறது. அதே எண்ணிக்கையில் ஆட்கள் வந்திருந்தால்கூட அது வேறு அறை.

அடுத்தது கதவு. பழைய இரட்டைக் கதவு அமைப்பில் ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். உள்ளிருக்கும் சத்தம் அந்தச் சிற்றறையிலேயே அடங்கிவிடும். புதிதாகப் பின்சுவரை இடித்து, முழு அகலத்துக்கும் கண்ணாடி மடக்குக் கதவு போட அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். வெயில் நாளில் அதை மடக்கித் தள்ளினால் பின்சுவர் என்ற ஒன்றே கிடையாது. உள் அறையும் முற்றமும் ஒன்றாகிவிடும்.

முற்றத்தின் மூன்று பக்கமும் செங்கல் சுவர். அதில் ஒன்று எங்கள் வரிசை வீடுகளின் தோட்டச் சுவர். ஆளுயரத்துக்குச் சற்று மேலே. சுவர் இருக்கிறதே, சத்தத்தைத் தடுக்காதா என்று கேட்பார்கள். ஒலி எழும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே நேர்கோட்டை மறித்தால்தான் சுவர் தடுப்பாகும். எங்கள் வீடுகளில் சமையலறை கீழே, படுக்கையறை மேலே. சுவர் எங்கள் பாத்திரங்களைப் பாதுகாத்தது. மாடி ஜன்னலில் நின்றால் முற்றம் உள்ளங்கைபோல் தெரியும். கண்ணுக்குத் தெரிவது அத்தனையும் காதுக்கும் வரும்.

இந்த மாற்றங்களில் எதற்கு அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும்? கார்ப்பெட்டை எடுக்கக் கேட்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டப்படி, கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் பாதிக்கும் வேலை 'வளர்ச்சிப் பணி' என்ற கணக்கிலேயே வராது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால்தான் உட்புறத்துக்கும் அனுமதி. பீப்பாய் வைத்திருந்த முற்றத்தில் மேசை போடுவதற்கும் பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே பப்பின் வளாகம்தான், பயன்பாடு மாறவில்லை என்று சொல்லிவிடலாம். அனுமதி தேவைப்பட்டது முற்றத்தில் போடும் மரத்தளத்துக்கும், அதன்மேல் போடும் கூரைக்கும், மடக்குக் கதவுக்கும் மட்டும். அந்த விண்ணப்பத்தின் அறிவிப்பைத்தான் எங்கள் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கருத்துச் சொல்ல 21 நாள்.

எழுபது பேர் வெளியே உட்காரப் போகிறார்கள் என்ற மாற்றத்தைப் பற்றி, கூரையைத் தாங்கும் மரக்கால்களின் வழியாகத்தான் எங்களால் பேச முடிந்தது.

மூன்று கதவுகள்

இங்கே வாழும் தமிழர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். கவுன்சில் என்பது வெளியிலிருந்து பார்க்க ஒன்று. உள்ளே மூன்று தனித்தனி அறைகள். பிளானிங் பிரிவு நிலத்தையும் கட்டடத்தையும் பார்க்கும். லைசென்ஸ் பிரிவு 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி மது, இசை, நேரம் ஆகியவற்றைப் பார்க்கும். சுற்றுச்சூழல் நலப் பிரிவு, சத்தம் வந்த பிறகு புகாரைப் பார்க்கும். பிளானிங்கில் போய் நள்ளிரவுக் கூச்சல் பற்றிச் சொன்னால் அது லைசென்ஸ் விஷயம் என்கிறார்கள். லைசென்ஸில் போய் முற்றத்தின் அமைப்பே தவறு என்றால் அது பிளானிங் விஷயம் என்கிறார்கள். இரண்டும் முடிந்து கட்டியாயிற்று என்றால், மூன்றாவது அறையில் ஒரு படிவம் கொடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று குறிப்பேடு எழுதி வரச் சொல்கிறார்கள்.

குறிப்பேடு எழுதினால் மட்டும் போதாது. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரி அதைச் 'சட்டப்படியான தொல்லை' என்று முடிவுசெய்ய வேண்டும். முடிவுசெய்து நோட்டீஸ் கொடுத்தாலும், நடைமுறையில் முடிந்த அத்தனையும் செய்துவிட்டோம் என்று காட்ட வணிக நிறுவனத்துக்கு இடமுண்டு. அளவிலும் ஒரு சிக்கல். வழக்கமான டெசிபல் அளவு மனிதக் காதின் உணர்திறனை ஒட்டித் திருத்தப்பட்டது. அடித்தொண்டையில் உறுமும் பேஸ் ஒலியை அது குறைத்தே காட்டும். ஆனால் சுவரையும் தலையணையையும் தாண்டி வருவது அந்த பேஸ்தான். காகிதத்தில் சிறிய எண், நெஞ்சில் பெரிய அதிர்வு.

இரவு எப்போது தொடங்குகிறது என்பதும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் சட்டத்துக்கு இரவு என்பது 11 மணியிலிருந்து காலை 7 வரை. நம் ஊரில் ஒலிபெருக்கிக்குப் பத்து மணி வரம்பு என்பது நினைவுக்கு வந்தது. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். மருத்துவமனையில் துப்புரவு வேலை. "நான் விடிய நாலு மணிக்கு எழும்ப வேணும் தம்பி. பதினொண்டுக்குப் பிறகுதான் இரவு எண்டால் நான் எப்ப படுக்கிறது?" என்று கேட்டார். இந்த நகரத்தின் அலுவலகங்களை விடியுமுன் கூட்டித் துடைப்பவர்கள், முதல் பேருந்தை ஓட்டுபவர்கள், சந்தைக்குக் காய்கறி கொண்டுவருபவர்கள், இவர்களெல்லாம் ஒன்பது மணிக்குக் கண் மூட வேண்டியவர்கள். மாலைப் பொழுதை அனுபவிக்க நேரமிருக்கிறவர்களின் கடிகாரத்தை வைத்து எழுதிய சட்டத்தில் அவர்களுக்கு இரவு கிடையாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

அந்த மாலைக் கூட்டம்

ஆட்சேபக் கடிதங்கள் போதிய அளவு போனதால், விண்ணப்பம் அதிகாரி மட்டத்தில் முடியாமல் கவுன்சிலர்கள் அடங்கிய பிளானிங் குழுவுக்கு வந்தது. எதிர்ப்பவர்களுக்கு மொத்தம் சில நிமிடம், விண்ணப்பதாரருக்கும் அதே அளவு. அந்த நிமிடங்களுக்குள் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் கவனமாக இருந்தோம். வீட்டு விலை குறையும் என்பதைக் குழு கணக்கில் எடுக்காது. எங்கள் காட்சி மறைகிறது என்பதையும் எடுக்காது. சத்தம், நேரம், வீட்டின் அந்தரங்கம் இவற்றை எடுக்கும். அக்காவைப் பேசச் சொன்னோம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நேரமெடுக்கும் என்று தயங்கினார். பிறகு எழுதிவைத்து வாசித்தார். தன் வேலை நேரத்தை மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பதாரரின் சார்பில் வந்தவர் நன்றாகவே பேசினார். பப் நூறாண்டுக்கு மேலாக அந்த முனையில் இருக்கிறது, சுற்றியுள்ள எல்லோரும் அது தெரிந்தே குடிவந்தவர்கள், இந்த முதலீடு இல்லையென்றால் அது வீடுகளாக மாறிவிடும் என்றார். ஒலி ஆலோசகரின் அறிக்கையும் இருந்தது. அளவுகள் ஏற்கத்தக்க வரம்புக்குள் உள்ளன என்று முடித்திருந்தது. கவுன்சிலர் ஒருவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, இந்தக் கணக்கில் மடக்குக் கதவுகள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்று கேட்டார். மூடியிருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு என்று பதில் வந்தது. திறப்பதற்காகவே போடுகிற கதவு அது.

ஆனால் எனக்குள் முடிச்சு அவிழ்ந்தது அதற்கும் பிறகு. எங்களோடு கையெழுத்திட்டவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உண்டு. ஓய்வுபெற்ற தபால்காரர். இளவயதிலிருந்து அந்த பப்பில் தினம் மாலை ஒரு கோப்பை குடித்தவர். அவர் எதிர்ப்பார் என்று பப் தரப்பில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் எழுந்து நின்றார். "இந்த பப் நூறு வருஷமாக இங்கே இருக்கிறது என்கிறார். நான் குடித்தது அந்த பப்பில்தான். அதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்கும். அதை நீங்கள் பிரித்தெடுத்துக் குப்பை லாரியில் ஏற்றியதை நான் நின்று பார்த்தேன். இப்போது இருப்பது எனக்குப் பிறகு வந்தது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கியது நியாயமா என்ற கேள்வி ஏன் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது என்பது எனக்கு அங்கே புரிந்தது. அந்தக் கேள்வி யார் முதலில் வந்தார் என்று கேட்கிறது. கட்டடத்தின் வயதை வைத்துப் பதில் சொல்கிறது. சத்தம் கட்டடத்தின் வயதிலிருந்து வருவதில்லை. தரை, கூரை, கதவு, ஆட்களின் எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அவை அத்தனையும் மாறிய பிறகு, பெயர்ப்பலகையை மட்டும் காட்டி மூத்தவர் உரிமை கேட்க முடியாது. மாற்றத்தைக் கொண்டுவருபவர் விளைவைச் சமாளிக்க வேண்டும் என்றால், பப்பின் எதிரே வீடு கட்டுபவர் எப்படி மாற்றத்தைக் கொண்டுவருகிறாரோ அப்படியே வீடுகளின் பின்னால் பப்பைத் திருத்திக் கட்டுபவரும் கொண்டுவருகிறார். கொள்கையின் வாசகம் புதிய கட்டுமானத்திடமிருந்து பழைய வணிகத்தைக் காக்கிறது. புதிதாகிவிட்ட வணிகத்திடமிருந்து பழைய வீடுகளைக் காக்க அதே தெளிவோடு ஒரு வரி இல்லை.

உரல் சத்தம்

யார் முதலில் வந்தார் என்பதை இந்த நாட்டு நீதிமன்றங்களும் நெடுங்காலமாகப் பேசி வருகின்றன. 1879இல் தீர்ந்த ஒரு வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்கு முதல் பாடம். லண்டனின் விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர். வீட்டின் பின்கட்டில் பெரிய உரல்களில் இடிப்பது அவர் தொழில். இருபதாண்டுக்கு மேலாக இடித்துக்கொண்டிருந்தார். பின்னால் விம்போல் தெருவில் இருந்த மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில், அந்தப் பின்கட்டுச் சுவரை ஒட்டியே, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் உரல் சத்தம்தான் கேட்டது. வழக்குப் போட்டார், வென்றார். இன்றைய கொள்கைப்படி பார்த்தால் அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தவர் மருத்துவர்தான். அவர்தான் சுவரைத் தடிமனாக்கியிருக்க வேண்டும். அந்த வழக்கில் என் மனம் மிட்டாய்க்காரர் பக்கம். அதே தீர்ப்பில்தான், பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாக இருப்பது பெர்மாண்ட்சியில் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை என்ற வரியும் வருகிறது. பணக்காரர் தெருவின் அமைதிக்கு ஓர் அளவுகோல், தோல் பதனிடும் தொழிலாளர் பகுதிக்கு வேறொன்று. அந்த வரியின் நிழல் இன்றும் நீங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2014இல் உச்ச நீதிமன்றம் சஃபோக் பகுதியில் ஒரு மோட்டார் பந்தயத் திடலைப் பற்றிய வழக்கில் அந்தப் பழைய நிலையை மறுபடி உறுதிசெய்தது. திடல் 1970களிலிருந்து இருக்கிறது, பக்கத்தில் வீடு வாங்கியவர்கள் 2006இல் வந்தவர்கள். பின்னால் வந்தீர்கள் என்பது மட்டும் அவர்கள் வாயை அடைக்கும் வாதமாகாது என்றது நீதிமன்றம். பிளானிங் அனுமதி இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை தானாக அழிந்துவிடாது என்றும் சொன்னது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போகும் வசதி எந்தத் தெருவுக்கு இருக்கிறது? பிளானிங்கில் விண்ணப்பதாரர் தோற்றால் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபித்தவர் தோற்றால் அவருக்கு மேல்முறையீடே கிடையாது. நடைமுறையில் பிழை இருந்தால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கான செலவை நினைத்தாலே தலை சுற்றும்.

இதைத் தமிழர்களுக்கு எழுதும்போது இன்னொன்றையும் பேச வேண்டும். நாமும் இந்த நகரத்தில் சத்தம் எழுப்புகிறவர்கள். மேற்கு ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் தேர் ஆகஸ்ட் மாதத்தில் தெருவில் வரும்போது தவிலும் நாதஸ்வரமும் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். எனக்கு ஆண்டில் மிகப் பிடித்த நாள்களில் அது ஒன்று. லண்டனில் கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் அனுமதி கேட்கும்போதெல்லாம் வாகன நிறுத்தமும் சத்தமும் சொல்லி ஆட்சேபம் வருகிறது. அப்படியிருக்க ஒரு வெள்ளைக்காரப் பழக்கத்தின்மேல் நாம் சத்தப் புகார் சொல்வது பொருந்துமா என்று என் மனைவி கேட்டாள். நெடுநேரம் பேசினோம். தேர் ஆண்டில் ஒரு பகல். எப்போது வரும், எப்போது நிலைக்குத் திரும்பும் என்று தெருவுக்குத் தெரியும். முடிவு தெரிந்த சத்தத்தை மனிதர்கள் நிறையவே பொறுத்துக்கொள்வார்கள். எங்கள் பப்பில்கூட உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று யாரும் குறிப்பேடு எழுதவில்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை ஒவ்வொரு இரவும், எப்போது அடங்கும் என்று தெரியாமல் படுத்திருப்பது வேறு. நாளை ஒரு கோயில் தினசரி பூஜைக்கு ஒலிபெருக்கியை வெளியே திருப்பிவைத்தாலும் நான் இதே கடிதத்தை எழுதுவேன் என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

மேலாளர் சொன்னது

பப்பின் மேலாளரோடு சில முறை பேசியிருக்கிறேன். இளைஞர், பொறுமையானவர், பப்பின் மாடியிலேயே குடியிருப்பவர். மின்கட்டணம், மது வரி, ஆள்கூலி எல்லாம் ஏறிய பிறகு, உள்ளே மட்டும் விற்றால் கதவைத் திறந்துவைக்கவே முடியாது என்றார். நான் நம்புகிறேன். கொரோனா காலத்தில் வெளியே உட்காரவைத்துத்தான் பல பப்புகள் பிழைத்தன. 2020இல் தற்காலிகமாகத் தொடங்கிய நடைபாதை மேசை அனுமதி இப்போது நிரந்தரமாகிவிட்டது. வெளி இருக்கை இனி போகாது, போகவும் வேண்டாம். எங்கள் பப் மூடினால் அங்கே பத்து வீடு வரும், ஒரு தெருவுக்குப் பொதுவாக உட்கார இடமே இல்லாமல் போகும். கில்பர்னில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில், அது பாரம்பரியப் பட்டியலில் சேரவிருந்த நேரத்தில், அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட்டது. 2021இல் அது மறுபடி திறந்தது. அதற்காகப் போராடியவர்கள் அக்கம்பக்கத்து மக்கள்தான். பப்பின் பக்கத்தில் வாழ்பவன் பப்பின் எதிரி என்று நினைப்பவர்கள் அந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

எங்கள் பப்புக்குப் பிளானிங் குழு அன்று அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளோடு. முற்றம் இரவு 9 மணிக்கு மூட வேண்டும். மடக்குக் கதவை 8 மணிக்குச் சாத்த வேண்டும். வெளியே ஒலிபெருக்கி கூடாது. கூரையின் அடிப்பக்கத்தில் ஒலியுறிஞ்சும் பலகை ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அவர்கள் லைசென்ஸில் முற்றத்தின் நேரத்தை 11 மணிக்கு நீட்டக் கேட்டார்கள். வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு வாசலில் ஒட்டியிருந்தது, கருத்துச் சொல்ல 28 நாள். லைசென்ஸ் நேரமும் பிளானிங் நேரமும் வேறுபட்டால் எது சீக்கிரம் மூடச் சொல்கிறதோ அதைத்தான் பப் பின்பற்ற வேண்டும் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தோம். அதை மேற்கோள் காட்டி எழுதினோம். லைசென்ஸ் விஷயத்தில் ஆட்சேபிப்பவருக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு என்பதும் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் தந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அக்கா இப்போது ஒன்பதரைக்குத் தூங்குகிறார். மேசைகள் நிறைந்துதான் இருக்கின்றன.

தீராமல் நிற்பது ஒன்று. கட்டி முடித்துத் திறந்த பிறகு யாரும் அளக்கவில்லை. அறிக்கையில் இருந்த எண்கள் கட்டுமுன் போட்ட கணக்கு. கார்ப்பெட் இல்லாத அந்த அறையின் உண்மையான சத்தம் என்னவென்று கவுன்சிலின் எந்தத் தாளிலும் இல்லை, கேட்கும்படி நிபந்தனையும் இல்லை. எங்கள் கவுன்சில் தன் உள்ளூர்த் திட்டத்தைப் புதுப்பிக்கக் கருத்துக் கேட்கிறது. எங்கள் தெருவிலிருந்து போகும் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்திருக்கிறோம். மதுக்கடையோ உணவகமோ மண்டபமோ கோயிலோ, புதுப்பித்துத் திறந்த ஆறு மாதத்துக்குள், ஒரு சனிக்கிழமை இரவில், கதவுகள் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, அக்கம்பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து அளக்க வேண்டும். பேஸ் ஒலியைத் தனியே அளக்க வேண்டும். செலவைப் புதுப்பித்தவர் ஏற்க வேண்டும். எண் கூடுதலாக வந்தால் உள்ளே என்ன செய்வது என்று அவர்களே முடிவுசெய்யட்டும், கார்ப்பெட் போடுவதா கூரைக்குப் பலகை ஒட்டுவதா என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தபால்காரப் பெரியவர் முதல் கையெழுத்துப் போட்டார். மேலாளரிடமும் நகல் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட முடியாது, ஆனால் அளக்க வந்தால் கதவைத் திறந்துவைக்கிறேன் என்றார்.